கிளிநொச்சியில் தைக்கக்கூடிய பை

ஒரு பையைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, இது பிய்ந்துபோனால் கிளிநொச்சியில் யாராவது தைத்துத் தருவார்களா என்பதைத்தான். நிறம், விலை, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு. இணையத்தில் பை பற்றி எழுதுகிறவர்கள் ஆயுட்கால உத்தரவாதம் என்ற ஒன்றைப் பெரிதாகச் சொல்வார்கள். பழுதானால் கம்பனிக்கு அனுப்பிவிடுங்கள், திருத்தி அனுப்புவார்கள் என்று. சரி, கலிபோர்னியாவில் இருப்பவருக்கு அது நல்ல சங்கதிதான். மல்லாவியிலிருந்து ஒரு பையைப் பொதி கட்டி சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்புகிற செலவில் இங்கே இன்னொரு பை வாங்கிவிடலாம், போனது திரும்பி வரும்வரை சாமான்களைச் சொப்பிங் பாக்கில் போட்டுக்கொண்டு திரியவும் வேண்டும். தடித்த துணி தைக்கிற மெசினும் அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும் எவ்வளவு கிட்ட இருக்கிறார்கள் என்பதுதான் வன்னியில் இருக்கிற ஒருத்திக்கு உத்தரவாதம்.

மெசெஞ்சர் பாக் என்று கடைகளில் சொல்வது, ஒரு தோளிலிருந்து உடம்புக்குக் குறுக்காகப் போட்டு இடுப்புப் பக்கம் தொங்கவிடுகிற, மேலே பெரிய மூடி விழுகிற பை. தபால்காரர்கள் கொண்டு திரிந்த காக்கிப் பையின் சாடை. என் வேலை வீடு வீடாகப் போகிற வேலை. அக்கராயன், துணுக்காய், சில கிழமைகளில் ஒட்டுசுட்டானுக்கு அப்பாலும். ஸ்கூட்டியில்தான் ஓட்டம். ஒரு வீட்டுப் படலையில் நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னமே பையை முன்னுக்கு இழுத்துப் பைலை எடுத்துவிடலாம். முதுகுப்பை என்றால் ஒவ்வொரு வீட்டிலும் கழற்றி, நிலத்தில் வைத்து, திறந்து, திரும்ப மாட்டி, அதற்குள் வீட்டுக்காரர் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் வைத்துவிடுவார். ஏ9 வழியாகப் போகிற பஸ்ஸிலும் அப்படித்தான், காலை நேரத்தில் முதுகுப்பையோடு ஏறுகிறவரைக் கொண்டக்டர் பார்க்கிற பார்வையே தனி. குறுக்குப் பையை முன்னுக்குச் சுழற்றிக் கையால் அணைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆனால் பாரம் கூடினால் இந்தப் பையை விட்டுவிட வேண்டும், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லப்டொப் இரண்டு கிலோ, தண்ணீர் ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோ, சாஜரும் பைல்களும் குடையும் சேர்ந்தால் ஐந்தைத் தாண்டிவிடும். அவ்வளவையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு கிறவல் வீதியில் நாள் முழுக்க ஓடினால் இரவு கழுத்தைத் திருப்ப முடியாது. அப்படியான நாட்களுக்கு முதுகுப்பைதான் சரி. தண்ணீர்ப் போத்தலை ஸ்கூட்டியின் முன் கொழுக்கியில் தனியாகக் கொழுவி விட்டாலே ஒரு கிலோ குறையும்.

இந்தப் பையின் பூர்வீகம் அலுவலகம் கிடையாது. 1950களில் நியூயோர்க்கில் டி மார்ட்டினி குளோப் கன்வஸ் என்ற கம்பனி, கம்பங்களில் ஏறி வேலை செய்கிற லைன்மன்மாருக்குத் தைத்த கன்வஸ் பைதான் முன்னோடி என்று சொல்வார்கள். பிறகு நகரத்துக்குள் சைக்கிளில் கடிதங்களும் பொதிகளும் கொண்டோடிய ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ரொப் ஹனிகட் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் அந்த வேலையே செய்தவர், தனக்குத் தேவையான மாதிரித் தானே தைக்கத் தொடங்கி 1989இல் ஆரம்பித்ததுதான் இன்று டிம்பக்2 என்று விற்கிற பை. 1995இல் கொலராடோவில் தொடங்கிய குரோம் பைக்குத் தோள்பட்டியில் கார் ஆசனப்பட்டியின் பக்கிளையே போட்டார்கள். எல்லாமே இரண்டு சில்லில், மழையிலும் வெயிலிலும், நிறுத்தி நிறுத்தி ஓடுகிற ஆட்களுக்காக வந்த சாமான்கள். எங்கள் ஓட்டமும் அதேதான், வீதிதான் கொஞ்சம் மோசம்.

அந்தப் பைகளில் சில விசயங்கள் இருந்தன. தோள்பட்டியை ஒற்றைக் கையால் இறுக்கவும் தளர்த்தவும் முடியும். ஓடும்போது முதுகோடு இறுக்கிவிட்டு, நின்றதும் தளர்த்தி முன்னுக்கு இழுக்கலாம். இரண்டாவதாக ஒரு மெல்லிய பட்டி, இடுப்பைச் சுற்றியோ கக்கத்துக்குக் கீழாலோ வந்து பிரதான பட்டியில் கொழுவும், பை வழுக்கி முன்னுக்கு வராமல் பிடித்துக்கொள்வதற்காக. கிறவல் கிடங்குகளில் விழுந்தெழும்புகிற எங்களுக்கு இந்த மெல்லிய பட்டி இல்லாவிட்டால் பை ஒவ்வொரு குலுக்கத்துக்கும் வயிற்றுப் பக்கம் வந்து, ஹாண்டிலைத் திருப்புகிற நேரம் பார்த்து முழங்கையில் இடிக்கும். மூடி, பையின் வாயைவிடப் பெரிதாக இருந்து இரண்டு பக்கமும் வழிந்து விழும். உள்ளே ஒரு தனித் தண்ணீர் புகாத உறை. இப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் மெசெஞ்சர் பாக் என்று தொங்குவதில் அநேகமானவை மூடி வைத்த லப்டொப் பைகள்தான். காரின் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அது போதும்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ34 வீதியில் என்னுடைய பழைய பை அப்படித்தான் கைவிட்டது. பட்டியின் இரண்டு நுனியிலும் சுழலுகிற உலோகக் கொழுக்கி வைத்து, பையின் வளையத்தில் மாட்டியிருப்பார்களே, அந்தக் கொழுக்கியில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. பை முதலில் காலடியில், பிறகு வீதியில். லப்டொப்பின் மூலை நசுங்கியதோடு சரி, பைல்களைப் பின்னால் சைக்கிளில் வந்த ஒரு ஐயா பொறுக்கித் தந்தார். உடைந்த இடத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே பளபளப்பாக ஒரு பூச்சு. பையின் துணியில் ஒரு கீறல்கூட இல்லை. விற்றவர் துணியைப் பற்றித்தான் நெடுகப் பேசியிருந்தார்.

ரவுணில் மோட்டார் சைக்கிள் சீற்றும் ஓட்டோக் கூடாரமும் தைக்கிற குஷன் கடைக்குக் கொண்டு போனேன். பை திருத்த அங்கே போகலாம் என்று எனக்குச் சொன்னதே ஒரு ஓட்டோக்காரத் தம்பி. கடைக்கார அண்ணை பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொழுக்கி போட்ட பாக் எண்டாலே இதுதான் பிள்ளை கரைச்சல். இதை வெட்டிப்போட்டு பட்டியை நேரே தைச்சு விடுறன், பிறகு பை பிஞ்சாலும் பட்டி கழராது" என்றார். எங்கேயோ விபத்தில் போன வான் ஒன்றிலிருந்து கழற்றிய ஆசனப்பட்டி அவரிடம் சுருளாகக் கிடந்தது. அதை அளவாக வெட்டி, நுனியை லைட்டரால் உருக்கி, பையின் பக்கத் தையலுக்குள் விட்டு, சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்காகப் பெருக்கல் அடையாளம் மாதிரி இன்னும் இரண்டு ஓட்டம். கூலி, ரவுணில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற அளவுதான். ஆசனப்பட்டி ஒரு மனிதனை மோதலில் பிடித்து வைக்கிறதற்காக நெய்தது, பொலியெஸ்டர், என் ஐந்து கிலோ அதற்கு ஒரு பொருட்டா.

தைத்துக்கொண்டே அவர் சொன்னவை எனக்குப் பெரிய பாடம். நூல்தான் முதல் சாமான் என்றார். துணி எவ்வளவு நல்லதென்றாலும் பருத்தி நூலால் தைத்திருந்தால் இரண்டு மாரியில் இற்றுவிடும். சீற் தைக்கிற தடித்த நைலோன் நூல் அல்லது பொலியெஸ்டர் நூல் இருக்க வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று பலர் நினைக்கிறார்கள், அது ஓரளவுக்குத்தான். அளவுக்கு மிஞ்சி நெருக்கினால் ஊசித் துளைகள் தபால் முத்திரையின் ஓரம்போல வரிசையாகி, இழுபடுகிற நாளில் துணி அந்த வரியிலேயே கிழியும். "வெளியாலை பாத்து வாங்காதை, பிரட்டிப் பார்" என்பது அவருடைய பேச்சு. அன்றிலிருந்து கடையில் எந்தப் பையையும் உள்பக்கத்தைப் பிரட்டாமல் நான் வாங்குவதில்லை, கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும். உள்ளே தையல் ஓரத்தில் துணி எவ்வளவு மிச்சம் விட்டிருக்கிறார்கள், அந்த ஓரத்தை நாடா வைத்து மூடியிருக்கிறார்களா, அல்லது நூல் நூலாகப் பிரிந்து தொங்குகிறதா என்று பார்த்தாலே பையின் வயது தெரிந்துவிடும். பட்டி பையோடு சேருகிற இடத்தை இரண்டு கையாலும் பிடித்து நல்ல பலமாக இழுத்துப் பாருங்கள். தையல் துளைகள் வாய் திறந்தால் வைத்துவிட்டு வெளிக்கிடுங்கள். உள்துணி வெளிர் நிறமாக இருப்பதும் நல்லது. கறுப்பு உள்துணிக்குள் விழுந்த கறுப்புப் பேனையையும் முறிகண்டியில் வாங்கிய கச்சானின் கோதையும் தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும்.

துணிக்கு வருகிறேன். பையில் 600 டி, 1000 டி என்று போட்டிருப்பது டெனியர் கணக்கு. ஒன்பதாயிரம் மீற்றர் நூலின் நிறை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நூலை நீட்டி, அது ஒரு கிலோ இருந்தால் 1000 டெனியர். எண் கூடினால் நூல் தடிப்பு, அவ்வளவுதான் அந்த எண்ணுக்குத் தெரியும். நெசவு எவ்வளவு இறுக்கம் என்றோ, நூல் எந்த வகை என்றோ அது சொல்லாது. கோர்டுரா என்று பெயர் போட்டு விற்பது அநேகமாக உயர்தர நைலோன், உராய்வுக்குத் தாங்கும். பலிஸ்டிக் நைலோன் என்று இன்னொன்று, இரண்டாம் உலகப் போரில் விமானப்படையினரின் காப்பு உடைகளுக்காக வந்தது. இரண்டும் நல்ல துணிகள், மறுப்பில்லை. ஆனால் நைலோனுக்கு வெயில் ஆகாது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் நிறமும் போகும், பலமும் போகும், நனைந்தால் கொஞ்சம் நீளவும் செய்யும். பொலியெஸ்டர் உராய்வில் நைலோனுக்குப் பின்தான், வெயிலில் அதற்கு முன். பகல் முழுக்க வெளியில் நிற்கிற எங்களுக்கு, இறுக்கமாக நெய்த 600 டெனியர் பொலியெஸ்டர் இளக்காரமான துணி கிடையாது. விலை குறைவு என்பதற்காகவே அதைத் தள்ளிவிடாதீர்கள்.

கன்வஸ் பார்க்க அழகு, பழசாகப் பழசாக இன்னும் அழகு. மாரியில் நனைந்து காயாமல் மூலையில் கிடந்தால் கரும்புள்ளி விழும், நிலத்தில் விட்டால் கறையான் வரும். மெழுகு பூசிய கன்வஸ் குளிர்நாட்டுக்கு. தோல்பை, எண்ணெய் போட்டுத் துடைத்துப் பராமரிக்க நேரமுள்ளவர்களுக்கு.

எங்கள் வீடுகளில் பைகள் சாகிறது பெரும்பாலும் பாவிப்பதால் இல்லை, பத்திரமாக வைப்பதால். கனடாவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ சித்தி கொண்டு வந்து தந்த பையை நல்லது பெரியதுக்கு என்று பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார்கள். நாலைந்து வருடம் கழித்து ஒரு கலியாணத்துக்கு எடுத்தால் உள்பக்கம் கையில் ஒட்டும், ஒரு புளித்த மணம் வரும், வெளிப்பக்கம் பொருக்குப் பொருக்காக உரியும். பூச்சி, எலி என்று வீட்டில் வழக்கு நடக்கும். குற்றவாளி பொலியூரதேன். தண்ணீர் புகாமல் இருக்கத் துணியின் பின்பக்கம் பூசுகிறதும், தோல் மாதிரித் தெரிவதற்காக மேலே ஒட்டுகிறதும் அநேகமாக அதுதான். சூடும் ஈரப்பதனும் சேர்ந்தால் காற்றிலுள்ள நீரே அதன் பிணைப்புகளை உடைத்துவிடும், பையை ஒரு நாளும் தோளில் போடாவிட்டாலும்கூட. பொலித்தீனில் சுற்றி வைத்தால் உள்ளே அடைபட்ட ஈரத்துக்கு வெளியேற வழியும் இல்லை. ஆகவே தோல் மாதிரி இருக்கிற, தோல் இல்லாத பையை எவ்வளவு வடிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். பூச்சு உள்ள நல்ல பை கிடைத்தால் உடனே பாவியுங்கள், காற்றுப் படட்டும்.

இங்கே தறப்பாளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சுவிற்சர்லாந்தில் சூரிச் நகரத்தில் மார்க்குஸ், டானியேல் பிரைட்டாக் என்று இரண்டு சகோதரர்கள். 1993இல், தங்கள் வீட்டுக்கு முன்னால் பாலத்தில் ஓடுகிற லொறிகளைப் பார்த்துப் பார்த்து, பழைய லொறித் தறப்பாளை வெட்டி மெசெஞ்சர் பாக் தைத்தார்கள். தோள்பட்டிக்குக் கார் ஆசனப்பட்டி, ஓரத்துக்குச் சைக்கிள் ரியூப். அந்தப் பை நியூயோர்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலை எங்கள் ரூபாயில் ஐந்து இலக்கம். இதை நான் குஷன் கடை அண்ணையிடம் போனில் படம் காட்டிச் சொன்னபோது அவர் மெசினை நிறுத்திவிட்டார். "காசு குடுத்துத் தறப்பாளை வாங்கிக் கொழுவிக்கொண்டு திரியினமோ? நாங்கள் சும்மா தந்ததுக்குக் கீழை எத்தினை வரியம் இருந்தனாங்கள்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்துப் பக்கம் முகாமில் இருந்தவர்களுக்கும் பிறகு மீள்குடியேறிக் காணி துப்புரவாக்கி நாலு தடி நட்டவர்களுக்கும் தறப்பாள் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வீடு வந்த பிறகும் அது போகவில்லை, நெல் காயப்போட, குளிக்கிற இடத்தை மறைக்க, விறகை மூட என்று கிழியும்வரை வீட்டோடு கிடந்தது.

சாமானாகப் பார்த்தால் இரண்டும் வேறு. நிவாரணமாகத் தந்த, நாலுக்கு ஐந்து மீற்றர் அளவுள்ள தறப்பாள், பொலித்தீன் நாடாவை நெய்து இரண்டு பக்கமும் பொலித்தீனே பூசியது. இலேசு, மலிவு, ஒரு அவசரத்துக்கு. மடித்த இடத்தில் மடித்து மடித்து வெடிக்கும், அதில் தைத்த பை நீடிக்காது. லொறித் தறப்பாள் உள்ளே பொலியெஸ்டர் நெசவு, வெளியே பி.வி.சி. பாரம் கூட, கழுவத் துடைக்க இலகு, மழைக்கு அதை வெல்ல ஆளில்லை. வவுனியாவில் லொறிக் கூடாரம் தைக்கிற இடங்களில் வெட்டுத்துண்டு கேட்டால் கிடைக்கும். அந்தத் துணியில் பை தைத்துப் போட எனக்கு விருப்பம்தான், அம்மாவுக்குத்தான் விருப்பமில்லை. தறப்பாள் வேண்டாம் என்கிறா, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அம்மாவுக்குப் பை என்றால் ஆவணப் பைதான். 2008, 2009 இடப்பெயர்வுக் காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் சொப்பிங் பாக்கில் சுற்றி அதற்குள். வீட்டில் ஒருவர் அதற்குப் பொறுப்பு, படுக்கும்போதும் தலைமாட்டில். குறுக்காகப் போட்டால் இரண்டு கையும் மிச்சம், சைக்கிளைத் தள்ளவோ பிள்ளையைத் தூக்கவோ. போர் முடிந்த பிறகு இந்த ஊரில் வெள்ளம் வந்து கடதாசி நனைந்ததும் உண்டு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கி எழும்பிய கிழமையில், முற்றத்துக் கயிற்றில் உறுதிகளைத் துணிபோலக் காயவிட்டிருந்த வீடுகளைக் கண்டேன். என் வேலையே மற்றவர்களின் கடதாசியைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வேலை. ஒருவரின் ஒரேயொரு மூலப்பிரதி என் பையில் இருக்கும்போது மழை பிடித்தால் நான் நனைவது பரவாயில்லை.

அதனால் அளவை அளந்துதான் வாங்குகிறேன். வெளிநாட்டுப் பைகள் ஏ4 கடதாசிக்கும் லப்டொப்புக்கும் அளவெடுத்தவை. ஏ4 நீளம் 297 மில்லிமீற்றர். எங்கள் கந்தோர்களில் இன்னும் ஓடுகிறது பூல்ஸ்காப், அது 13 அங்குலம், 330 மில்லிமீற்றர், பைல் கவர் அதைவிடவும் கொஞ்சம் நீளம். 13 அங்குல லப்டொப்புக்கு என்று விற்கிற வடிவான சின்னப் பையில் அது மடியாமல் போகவே போகாது. 15 அங்குல லப்டொப்புக்கான பையில் படுக்கையாகப் போகும். கடைக்குப் போகும்போது ஒரு வெறும் பைல் கவரைக் கையில் கொண்டு போங்கள்.

மழைக்கு மூடியின் இரண்டு மூலையையும் பாருங்கள், தண்ணீர் வருகிற வழி அதுதான். சிப் வைத்த வாயைவிட மூடி நன்றாக வழிந்து விழுகிற வாய் மேல், அதற்குள் பைலைப் பொலித்தீன் உறையில் போட்டால் போதும். எந்தப் பையும் முழுக்கத் தண்ணீர் புகாதது என்று நம்பவேண்டாம். ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஓட்டைதான்.

சிப் பற்றி: யப்பானில் தடாவோ யொஷிடா 1934இல் தொடங்கிய வை.கே.கே.யின் சிப் நல்லது, ஆனால் அந்த எழுத்துகளைப் பொறித்த போலியும் நிறைய. எழுத்தைவிட அளவைப் பாருங்கள். சிப்பில் 5, 8, 10 என்று வருகிற எண் மூடியிருக்கும்போது பல்லின் அகலத்தைக் குறிக்கும், ஏறக்குறைய மில்லிமீற்றரில். பிரதான வாய்க்கு 5 சின்னன், 8 அல்லது 10 இருந்தால் எங்கள் செம்மண் புழுதிக்கும் அசையும். புழுதி ஏறி இறுகினால் பழைய பல் பிரஷ்ஷில் சோப் போட்டுக் கழுவி, காயவிட்டு, மெழுகுதிரியை இரண்டு பக்கமும் தேய்த்துவிடுங்கள், எண்ணெய் வேண்டாம், அது இன்னும் புழுதியைப் பிடிக்கும். மூடினாலும் பின்னால் பிரிகிற சிப்புக்குப் பல் பழுதில்லை, பல்லின் மேல் இழுபடுகிற ஓடிதான் அகன்றுவிட்டது. குறட்டால் ஓடியின் பின்பக்க இரண்டு ஓரத்தையும் மெதுவாக அமத்தினால் திரும்ப வேலை செய்யும். வெல்க்ரோவுக்குப் புழுதியும் பஞ்சும் அடைந்தால் பிடிக்காது, பிடிக்கிற காலத்தில் கூட்டம் நடக்கிற மண்டபத்தில் பையைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிளாஸ்ரிக் கிளிப் எனக்குப் பிடிக்கும், உடைந்தால் இருபக்கமும் மாற்றலாம், ஆனால் பட்டியைத் தையல் பிரிக்காமல் கழற்றக்கூடிய மாதிரி இருக்க வேண்டும்.

பொக்கற் விசயத்தில் எனக்கு ஒரு பழைய ஒவ்வாமை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்று பை திறந்து காட்டிய காலத்தில், பதினைந்து சிப் வைத்த பையோடு போனால் பதினைந்தையும் திறக்க வேண்டும், பின்னால் நிற்கிற ஆச்சி புறுபுறுப்பா. இன்றும் ஒரு பெரிய அறை, ஒரு தட்டை அறை, வெளியில் ஒரு சிப் பொக்கற், அதற்கு மேல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இனி ஸ்டைல். அது கடைசி என்று யாரும் நினைக்க வேண்டாம், ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற சாமான் வடிவில்லாமல் இருந்தால் ஆருக்கு மனம் வரும். கறுப்பு எல்லாத்துக்கும் சேரும் என்பார்கள், கொழும்பில் சேரும். இங்கே கிறவல் புழுதி கறுப்பில்தான் அப்படியே எழுதி வைத்தமாதிரித் தெரியும், வெயிலில் சூடும் கூட. மண்ணிறம், கடும்நீலம், சாம்பல், இவை மூன்றும் புழுதியை மறைக்கும். இராணுவப் பச்சையும் உருமறைப்புப் புள்ளிகளும் வெளிநாட்டில் பெரிய ஸ்டைலாம். வன்னியில் அதைக் கொழுவிக்கொண்டு ஒரு வீட்டுப் படலையில் போய் நின்று பாருங்கள். சேலை கட்டுகிற நாட்களில் அகலமான பட்டி தோளில் மடிப்பைக் கசக்கும், கரடான நெசவுப் பட்டி நூலை இழுக்கும். ஆசனப்பட்டி வழுவழுப்பு, அதனால் சேலைக்கு அதுதான் பாதுகாப்பு, இது எதிர்பாராமல் கிடைத்த நன்மை. பெரிய எழுத்தில் பெயர் பொறித்த பை எனக்கு உதவாது, நான் போகிற வீடுகளில் அது வாயைத் திறக்கும் முன்னமே விலையைச் சொல்லிவிடும். வெறுமையான துணி, நேரான கோடு, ஒரே நிற நூல் கண்ணுக்குக் குளிர்ச்சி. நூலை மட்டும் வேறு நிறத்தில் போட்டால் அதுவும் ஒரு அழகு.

காசு விசயமும் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில், சில மாதத்தில் 360. நூறு டொலர்ப் பை ஒரே மூச்சில் இருபதாயிரத்திலிருந்து முப்பத்தாறாயிரமாகியது, சம்பளம் இருந்த இடத்திலேயே. அதற்குப் பிறகு நல்ல பை என்பது எங்களுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தங்களின் சூட்கேஸில் வருகிறதுதான். மச்சாள் ரொறன்ரோவிலிருந்து வர முன்னர் என்ன வேண்டும் என்று கேட்டா. பெயர் எதுவும் சொல்லவில்லை. பட்டி நேரே தைத்ததாக, கொழுக்கி இல்லாததாக, உள்ளே வெளிர் நிறமாக, படுக்கையாக 36 சென்ரிமீற்றர் உள்ளளவு, பாவித்த பை என்றாலும் பரவாயில்லை என்று எழுதி அனுப்பினேன். "இது பாக்கோ, வீட்டுப் பிளானோ" என்று பதில் வந்தது. அங்கே பழைய சாமான் கடைகளில் பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கிற பழைய நைலோன் பை, ஒரு முறை அண்ணையின் மெசினுக்குக் கீழால் போய் வந்தால் இன்னும் பல வருடம் ஓடும்.

அது வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. ஓட்டோக் கூடாரத்துக்கு வாங்கி மிஞ்சிய கடும்நீலத் துணி அண்ணையிடம் இருக்கிறது, லொறித் தறப்பாள் மாதிரித்தான் ஆனால் மெல்லிசு, அம்மாவும் பார்த்துவிட்டு இது கூடாரத் துணிதானே என்று விட்டுவிட்டா. பைல் கவரை மேசையில் வைத்துச் சுற்றிவரச் சோக்கால் கோடு போட்டு அளவெடுத்தோம், மூடி கீழ்வரை, மெல்லிய பட்டி வலப்பக்கம், எட்டாம் நம்பர் சிப் கொழும்பிலிருந்து வர வேண்டும். பிரச்சினை ஓரத்துக்குத்தான். அண்ணை ஓட்டோச் சீற்றுக்குப் போடுகிற சிவப்புப் பைப்பிங் போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார், நான் வேண்டாம் என்கிறேன். சிப் வந்து சேர்வதற்குள் யார் வெல்கிறார்கள் என்று பார்ப்போம்.